நாற்பத்தொன்றாம் எண் ஸ்லைடு

நம் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஸ்லைடு படிக்க நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல நுண்ணோக்கிகளும் என்னைவிடக் கூர்மையான கண்களும் உங்களிடம் இருக்கின்றன. நான் சொல்ல நினைப்பது ஒரு நோயாளியைப் பற்றி. நோய்க்குறியியல் மருத்துவர்களிடம் நோயாளிகள் முகத்தோடு வருவதில்லை. பெயரும் வயதும் எழுதிய ஒரு தாளோடு சிறு டப்பாவில் வருகிறார்கள். இந்த மனிதரை எனக்கு முன்பே தெரிந்திருந்தது.

அப்போது நான் பூந்தமல்லிக்கு அருகே ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. இந்த மாதிரித் தவறுகளைப் புதியவர்கள்தான் செய்வார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்காகத்தான் வயதைச் சொல்கிறேன். நான் துறைத்தலைவராகி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

புரோஸ்டேட் புற்றுநோயைப் பற்றி ஒரு ஆய்வு எங்களிடம் நடந்துகொண்டிருந்தது. மூன்று மருத்துவமனைகள் சேர்ந்து செய்தோம். இந்தப் புற்றுநோயில் ஒரு சங்கடம் உண்டு, உங்களுக்குத் தெரிந்ததுதான். பலருக்கு அது சுரப்பிக்குள்ளேயே ஒரு தொந்தரவும் தராமல் பல ஆண்டுகள் கிடக்கும். சிலருக்கு மட்டும் சுரப்பியை விட்டு வெளியேறி எலும்புக்குப் போய்விடும். யாருக்குக் கிடக்கும், யாருக்குக் கிளம்பும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்ல முடிந்தால் எத்தனையோ பேரை வீண் அறுவைசிகிச்சையிலிருந்து காப்பாற்றலாம். ஆனால் நுண்ணோக்கியில் பல நேரம் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். அதனால்தான் மார்க்கர்களை, அதாவது இரண்டையும் பிரித்துக் காட்டும் அடையாளங்களைத் தேடினோம். செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைக்கும் இ-கேட்ஹெரின் என்ற புரதம் அவற்றில் ஒன்று. அது ஒழுங்காக இருந்தால் சாயம் போட்டதும் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பழுப்பாக ஒரு கோடு தெரியும். கோடு இல்லையென்றால் அந்தச் செல் பக்கத்துச் செல்லை விட்டு நகரக்கூடும் என்பது எங்கள் எண்ணம். எண்ணம்தான். அது சரியா என்று பார்க்கத்தான் ஆய்வே. அந்த நோயாளிகள் பின்னால் எப்படி இருக்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகள் பார்த்த பிறகுதான் விடை கிடைக்கும்.

பயாப்ஸிக்கு வருகிறவர்களிடம், மிச்சமாகும் திசுவை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளக் கையெழுத்து வாங்குவோம். ஸ்லைடில் பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். எந்த எண் யாருடையது என்று எழுதிய பதிவேடு என் அறை அலமாரியில் பூட்டியிருந்தது. சாவி என்னிடம். ஆய்வின் முடிவை நோயாளிக்குச் சொல்வதில்லை என்று ஒப்புதல் படிவத்திலேயே இருந்தது. அந்த வரியை எழுதிய மூன்று பேரில் நானும் ஒருத்தி.

ஏழுமலை, ஐயப்பன்தாங்கல் டிப்போவில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்பத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவேன். அந்த பஸ்ஸைப் பல ஆண்டுகள் அவர்தான் ஓட்டினார். மழை நாட்களில் நிறுத்தத்தைத் தாண்டி மருத்துவமனை வாசலிலேயே நிறுத்துவார். நான் தலையசைப்பேன், அவரும் தலையசைப்பார். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இருந்ததில்லை.

அறுபத்தொரு வயதில் அவருக்குப் புரோஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. அளவு கொஞ்சம் கூடுதலாக இருந்தது. பன்னிரண்டு இடங்களில் திசு எடுத்தார்கள். ஒரே ஒரு துணுக்கில் சின்னதாகப் புற்றுநோய் இருந்தது. இருப்பதிலேயே கீழான தரம், அதாவது மிகச் சாதுவானது. அறிக்கையில் கையெழுத்துப் போட்டது நான்தான். சிறுநீரகவியல் மருத்துவர் அவரிடம், இப்போது எந்தச் சிகிச்சையும் வேண்டாம், ஆறு மாதத்துக்கொரு முறை ரத்தம் பார்ப்போம், ஒரு வருடம் கழித்து மறுபடி பயாப்ஸி எடுப்போம் என்று சொன்னார். சரியான ஆலோசனை. இன்றைக்கும் அதைத்தான் சொல்வார்கள்.

அந்தச் சரியான ஆலோசனையை ஏழுமலையால் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் காலை என் அறை வாசலில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"டாக்டரம்மா, என்ன தெரிதா? உங்கள எத்தினி வருஷம் ஏத்திகினு வந்துகீறேன்."

அடையாளம் தெரிந்தது. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"உள்ள ஒன்னு கீதுன்றாரு. ஆனா ஒன்னியும் செய்ய வாணான்றாரு. பிரேக்கு புடிக்கலன்னு தெரிஞ்சிகினே வண்டிய எடுன்னு சொல்ற மாரி கீது."

நான் பொறுமையாக விளக்கினேன். இந்த வகை மிக மெதுவானது, பெரும்பாலும் எழுந்திருக்காது, எழுந்தாலும் பரிசோதனையில் தெரிந்துவிடும் என்றேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். நன்றி சொல்லிவிட்டுப் போனார். பத்து நாளில் மனைவி கஸ்தூரியுடன் மறுபடி வந்தார். இந்த முறை அவர் பேசவில்லை, அந்த அம்மாதான் பேசினார். வீட்டில் யாரிடமும் பேசுவதில்லையாம். இடுப்பெலும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கிறாராம். எலும்புக்குப் போய்விட்டதா என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்கிறாராம். அந்த அம்மா இதைச் சொல்லும்போது ஏழுமலை, தன்னைப் பற்றியில்லை, வேறு யாரையோ பற்றிப் பேசுகிறார்கள் என்பதுபோல ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போன பிறகு நான் அலமாரியைத் திறந்து பதிவேட்டை எடுத்தேன்.

ஏன் எடுத்தேன் என்பதை உங்களுக்கு நேராகச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு ஒரு நல்ல செய்தி தர ஆசைப்பட்டேன். அவருடைய ஸ்லைடில் பழுப்புக் கோடு அழகாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கீழ்த்தரப் புற்றில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, "உங்க செல்லெல்லாம் ஒட்டிக்கிட்டு நல்லா இருக்கு, நிம்மதியா இருங்க" என்று சொல்லலாம் என்று நினைத்தேன். விதி எனக்கு நினைவிருந்தது. நல்ல செய்திக்கு விதி குறுக்கே வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவருடைய எண் நாற்பத்தொன்று. மதிப்பெண் தாளில் நாற்பத்தொன்றுக்கு எதிரே என் கையெழுத்தில் பூஜ்யம் இருந்தது. கோடு அறவே இல்லை.

மூன்று வாரத்துக்கு முன்பு, யாருடையது என்று தெரியாமல் நானே போட்ட பூஜ்யம். பதிவேட்டை மூடி உள்ளே வைத்துப் பூட்டினேன். ஸ்லைடை எடுத்து மறுபடி ஒரு முறை பார்க்கவில்லை. எடுத்திருந்தால் பத்து நிமிட வேலை. எனக்கு அப்போது ஸ்லைடைப் பற்றி எந்த யோசனையும் இல்லை. அந்த மனிதர் மறுபடி வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றுதான் யோசித்தேன்.

ஒரு வாரம் கழித்து வந்தார். தனியாக வந்தார். நான் முன்பு சொன்னதையே சொல்லத் தொடங்கினேன். வார்த்தைகள் அதேதான். ஆனால் முப்பது வருடம் எதிரே வரும் வண்டியின் சின்ன அசைவைப் பார்த்தே பழகியவர் அவர்.

"போன தபா இப்டி பேசல நீங்க," என்றார். "இன்னாமோ கீது. சொல்லிடுங்க டாக்டரம்மா. தெரியாம கீறதுதான் என்னிய தின்னுது."

நான் சொன்னேன். எத்தனையோ முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பதால் அந்த வாக்கியங்கள் அப்படியே நினைவில் இருக்கின்றன. "ஒரு ஆராய்ச்சிக்காக உங்க திசுவப் பாத்தோம். அதுல, அந்த செல்கள் நகரக்கூடியதா இருக்கலாம்னு ஒரு சின்ன அடையாளம் தெரியுது. இத வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. இன்னும் உறுதியாகாத விஷயம்."

எல்லா எச்சரிக்கையும் அதில் இருக்கிறது. ஒரு கருத்தரங்கில் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஏழுமலை அதிலிருந்து ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டார்.

"நகருதா?"

"நகரலாம். இருக்கலாம்னுதான் சொன்னேன்."

"வண்டி கெளம்பிடுச்சின்றீங்க."

இல்லை என்றேன். மறுபடி விளக்கினேன். அவர் மரியாதைக்குத் தலையசைத்துக்கொண்டிருந்தார், கேட்கவில்லை. ஒரு விஷயம் எனக்கு வியப்பாக இருந்தது. அவர் முகத்தில் பயம் குறைந்திருந்தது. என்ன செய்வது என்று முடிவெடுத்துவிட்ட மனிதரின் முகம் அது. அதை நான் நிம்மதி என்று தவறாக எடுத்துக்கொண்டேன்.

எழுந்து கதவருகே போனவரைக் கூப்பிட்டு, "இத நான் சொன்னதா யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, இது விதிக்கு விரோதம்" என்றேன்.

"உங்க பேரு என் வாயில வராது," என்றார்.

அடுத்த ஆறு வாரம் எனக்கு வேறு வேலைகள் இருந்தன. அவர் மறுபடி வரவில்லை. வராதது நல்லது என்றே நினைத்தேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அறுவைசிகிச்சை அரங்கிலிருந்து வந்த டப்பாக்களில் ஒன்றில் அவர் பெயர் இருந்தது. முழுச் சுரப்பி. எடுத்துவிட்டிருந்தார்கள்.

அதை நானே வெட்டினேன், நானே படித்தேன். வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. புற்று ஒரு மிளகளவு இருந்தது. சுரப்பியின் நடுவில், விளிம்பிலிருந்து வெகு தூரத்தில், அதே கீழ்த்தரத்தில். எங்கேயும் எட்டிப்பார்க்கக்கூட இல்லை. முதலில் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. மனிதர் தப்பித்தார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் வேறு ஒன்று உறுத்தியது. ஒட்டும் புரதம் அறவே இல்லாத செல்கள் இப்படி ஒழுங்காக வட்டம் கட்டி உட்கார்ந்திருக்குமா?

எடுத்த சுரப்பிக்கு அதே சாயத்தைப் போடச் சொன்னேன். மறுநாள் பார்த்தபோது ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பழுப்புக் கோடு பளிச்சென்று இருந்தது. பேனா வைத்து வரைந்தாற்போல.

அதன் பிறகுதான் நாற்பத்தொன்றை எடுத்தேன். புற்று இருந்த துணுக்கு ஸ்லைடின் ஓரத்தில் இருந்தது. புற்றுக்குப் பக்கத்திலேயே இரண்டு சாதாரணச் சுரப்பிகள் இருந்தன. அவை எந்த நோயும் இல்லாதவை. எந்த மனிதரிலும் அவற்றில் கோடு இருந்தே ஆக வேண்டும். இருக்கவில்லை. அவையும் வெளுத்துப் போயிருந்தன. ஸ்லைடின் மறு ஓரத்தில் சரிபார்ப்பதற்காக வைத்த திசு நல்ல பழுப்பில் இருந்தது. அன்றைக்கு அதைப் பார்த்துத் திருப்திப்பட்டு, புற்றை மட்டும் பார்த்து, பூஜ்யம் போட்டிருக்கிறேன். பக்கத்தில் இருந்த இரண்டு சுரப்பிகளைப் பார்க்கவில்லை.

சாயம் போடும் டெக்னீஷியன் சாந்தியைக் கூப்பிட்டேன். ஆவடியிலிருந்து வருகிறவர், என்னோடு பதினைந்து வருடம் வேலை பார்த்தவர். நுண்ணோக்கியில் கண்ணை வைத்ததும் சொல்லிவிட்டார்.

"இதத்தான் மேடம் நான் அன்னிக்கே சொன்னேன். மூணு ஸ்லைடுல ஓரம் வரைக்கும் சாய மருந்து பரவலன்னு. திரும்பப் போடட்டுமான்னு கேட்டேன். திசு கொஞ்சமாத்தான் இருக்கு, விடு, மார்க் போடறப்போ நான் கழிச்சிக்கறேன்னீங்க."

நினைவு வந்தது. நடைபாதையில் யாருக்கோ எதிலோ கையெழுத்துப் போட்டுக்கொண்டே அதைச் சொல்லியிருந்தேன். சாந்தி தன் நோட்டில் மூன்று எண்களையும் எழுதியும் வைத்திருந்தார். மூன்றில் இரண்டை நான் சரியாகக் கழித்திருந்தேன். நாற்பத்தொன்றை விட்டுவிட்டேன்.

நான் அன்று சொன்ன பதில் ஆய்வைப் பொறுத்தவரை பெரிய பிழை இல்லை. நூற்றுக்கணக்கான ஸ்லைடுகளில் ஒன்று கெட்டால் சராசரி அசைந்துவிடாது. ஆய்வுகள் அந்த அளவு பிழையைத் தாங்குவதற்காகவே அப்படி அமைக்கப்படுகின்றன. ஒரு ஆளுடைய உடம்புக்கு அந்த வசதி கிடையாது. ஆய்வுக்காகப் போட்ட மதிப்பெண்ணை எடுத்து ஒரு மனிதரின் கையில் கொடுத்தபோது, எந்த வேலைக்காக எதை எவ்வளவு கவனத்தோடு செய்தேன் என்பதை நான் மறந்துவிட்டேன்.

அடுத்த இரண்டு நாட்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையைச் சொல்லியே பயனில்லை. ஸ்லைடு கெட்டது சாந்திக்குத் தெரியும். நான் ஏழுமலையிடம் சொன்னது அவருக்குத் தெரியாது. நான் சொன்னது ஏழுமலைக்குத் தெரியும். ஸ்லைடு கெட்டது அவருக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஏழுமலை என் பெயரைச் சொல்லவில்லை என்பதும் தெளிவாகியிருந்தது. சொல்லியிருந்தால் இதற்குள் என்னைக் கூப்பிட்டிருப்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எதுவும் நடக்காது. புற்று போய்விட்டது என்று அவரும் சந்தோஷமாக இருப்பார், அதை ஏன் கெடுக்க வேண்டும் என்றுகூட யோசித்தேன். இந்த யோசனை கருணை மாதிரியே தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

இரண்டாம் நாள் சாந்தி மதிப்பெண் தாளோடு வந்தார். "நாப்பத்தொன்ன கழிச்சிடலாமா மேடம்?" என்று கேட்டார். வழக்கமான கேள்வி. ஒரு கோடு கிழித்தால் முடிந்தது. பேனாவைத் திறந்தேன். பிறகு மூடினேன்.

"வேணாம். ஒன்னும் தொடாத. அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, எழுந்து சிறுநீரகவியல் மருத்துவரின் அறைக்குப் போனேன்.

அவர் என்னைவிட இளையவர், அதிகம் பேசாதவர். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை. ஏழுமலை திடீரென்று வந்து ஆபரேஷன் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததாகவும், ஏன் இப்போது என்று மூன்று முறை கேட்டதாகவும், பயமாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு எதையும் அவர் சொல்லவில்லை என்றும் சொன்னார். பயத்தோடு வாழ முடியாதவருக்கு எடுத்துவிடுவதும் ஏற்கத்தக்க சிகிச்சைதான் என்பதால் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் பக்கம் ஒரு தவறும் இல்லை.

"எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா போதுமே மேடம்," என்றார். குரலில் கோபம் இல்லை.

அன்றே மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தேன். நோயாளிக்கு நானே சொல்கிறேன் என்று கேட்டேன், சம்மதித்தார்கள். புகார் செய்யும் வழியையும் அவரிடம் சொல்ல வேண்டும் என்றார்கள்.

ஐயப்பன்தாங்கலில் டிப்போவுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. மெட்ரோ வேலைக்காக ரோட்டைத் தோண்டியிருந்ததால் ஆட்டோக்காரர் பாதியிலேயே இறக்கிவிட்டார். பகல் பதினொரு மணி. ஏழுமலை முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் நாலாக மடித்த துண்டைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழ முயன்று, பாதியில் நின்று, அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்குக் காரணம் புரிந்தது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் கட்டுப்பாடு வரச் சில மாதங்கள் ஆகும். சிலருக்கு ஒரு வருடமும் ஆகும்.

கஸ்தூரி மோர் கொண்டுவந்து கொடுத்தார். அவர்தான் நிலைமையைச் சொன்னார். இருமினால் போதும், நனைந்துவிடுகிறதாம். தினமும் காலையில் டிப்போ டீக்கடையில் பழைய ஓட்டுநர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாராம். ஆபரேஷனுக்குப் பிறகு அங்கே போவதே இல்லையாம். அவர்கள் வீட்டுக்கு வந்தால் தூங்குவதாகச் சொல்லச் சொல்கிறாராம். "அத்தினி பேரு மத்தியில ராஜா மாரி உக்காந்துகினு இருந்த மனுஷன்," என்றார்.

நான் மோரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். ஸ்லைடில் மருந்து பரவாததைச் சொன்னேன். சாந்தி எச்சரித்ததையும் நான் மறந்ததையும் சொன்னேன். மறுபடி பார்க்காமல் அவரிடம் சொன்னது என் தவறு, சொல்லவே கூடாத இடத்தில் சொன்னதும் என் தவறு என்றேன். மருத்துவச் சொற்களைத் தவிர்த்தேன். அவற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எங்களுக்கு எளிது.

அவர் அடியிலிருந்த துண்டைச் சரிசெய்துகொண்டார். பிறகு கேட்டார்.

"அப்போ அது நகரவே இல்ல."

"இல்ல. இருந்த எடத்துலதான் இருந்துச்சு."

"எடுக்காமலே இருந்திருக்கலாமா?" இதைக் கேட்டது கஸ்தூரி.

"இப்போதைக்கு எடுத்திருக்க வேண்டியதில்ல. ஒருவேள எப்பவுமே வேண்டியிருந்திருக்காது."

அந்த அம்மா நான் பாதி குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அதன் பிறகு நான் இருக்கும்வரை வெளியே வரவில்லை.

ஏழுமலை என்னைப் பார்த்தார். "ஆபரேசன் டாக்டரு என்னிய மூணு தபா கேட்டாரு. ஏன்யா இப்போ இன்னா அவசரம்னு. உங்க பேர சொல்லக் கூடாதுன்னீங்க. நான் சொல்லல. ஊட்ல இவகிட்ட கூட சொல்லல." உள்ளறைப் பக்கம் பார்த்தார். "சொல்லியிருந்தா அவரு இன்னா சொல்லியிருப்பாரு?"

நான் பதில் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

"அந்த ஸ்லைட எடுத்துப் பாத்திருப்பார். இல்லன்னா, அதெல்லாம் ஆராய்ச்சி, அத நம்பி அறுக்க முடியாதுன்னு சொல்லியிருப்பார்."

அவர் தலையசைத்தார். பஸ்ஸில் அசைக்கும் அதே தலையசைப்பு இல்லை. புகார் செய்யும் படிவத்தைக் கொடுத்தேன். வாங்கி, மடிக்காமல், பக்கத்து ஸ்டூலில் வைத்தார். போய் வருகிறேன் என்றேன்.

அவர் புகார் எழுதினார். ஐந்தே வரி. நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருந்தார். எனக்காக எதையும் மென்மையாக்கவில்லை. அதற்கு எந்தக் காரணமும் அவருக்கு இல்லை. குழு என்னை ஆய்விலிருந்து விலக்கியது. எச்சரிக்கைக் கடிதம் என் கோப்பில் சேர்ந்தது. எண்களின் பதிவேடு என் அறையிலிருந்து போய், நோயாளிகளைப் பார்க்காத ஓர் அலுவலகத்தில் பூட்டப்பட்டது. புற்றுக்குப் பக்கத்திலிருக்கும் சாதாரணச் சுரப்பியையும் பார்த்துக் குறித்த பிறகே மதிப்பெண் போட வேண்டும் என்று தாளில் ஒரு கட்டம் கூடியது. நீங்கள் இன்று நிரப்பும் அந்தக் கட்டம் எப்படி வந்தது என்று யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஏழுமலையால் வந்தது.

நீங்கள் கேட்கலாம், இதில் எது பெரிய தவறு என்று. சாந்தி சொன்னதை மறந்தது ஒரு தவறு. அது யாருக்கும் நேரும்; அதனால்தான் டெக்னீஷியன், மருத்துவர் என்று இரண்டு பேர் பார்க்கிறோம். பதிவேட்டைத் திறந்ததும், அவரிடம் சொன்னதும் தவறுகள். ஆனால் நான் அதிகம் யோசித்தது கதவருகே நான் சொன்ன கடைசி வாக்கியத்தைத்தான். சொன்ன செய்தி பொய்யாக இருந்தும் அதைத் திருத்த ஒரு ஆள் இருந்தார். நடைபாதையின் அந்தக் கோடியில், சிறுநீரகவியல் அறையில், ஐம்பது அடி தூரத்தில் இருந்தார். அவரிடம் அது போய்ச் சேராமல் நான் அடைத்தேன், என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள. ஏழுமலை தன் வாக்கைக் காப்பாற்றியதால்தான் அவருக்கு அந்த ஆபரேஷன் நடந்தது. மார்க்கர்கள் மாறும். இ-கேட்ஹெரின் போய் வேறு பத்து வந்துவிட்டன, உங்கள் காலத்தில் இன்னும் வரும். எதுவாக இருந்தாலும், ஒரு முடிவை நோயாளியிடம் சொல்லிவிட்டு, அவருடைய மருத்துவருக்குத் தெரிய வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றினால், அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். ஏதோ ஒன்று உங்களிடம் சரியில்லை என்பதற்கு அது போதுமான அறிகுறி.

ஏழுமலைக்குக் கட்டுப்பாடு திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. முழுவதும் திரும்பவில்லை என்று சிறுநீரகவியல் மருத்துவர் சொன்னார். டீக்கடைக்குப் போகத் தொடங்கிவிட்டார் என்றும் சொன்னார். ஆறு மாதத்துக்கொரு முறை ரத்தம் கொடுக்க மருத்துவமனைக்கு வருவார். கீழ்த்தளத்தில் கொடுத்துவிட்டு, மாடியில் என் அறையைக் கடந்துதான் சிறுநீரகவியல் மருத்துவரிடம் போக வேண்டும். நிற்காமல் போவார். நான் கூப்பிட்டதில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, ஒரு நாள் என் கதவு தட்டப்பட்டது. ஏழுமலை நின்றார். அவருக்குப் பின்னால் அவர் வயதில் இன்னொருவர், கையில் ஃபைலோடு. டிப்போவில் கண்டக்டராக இருந்தவராம். அவருக்கும் அதே நோய், அதே கீழ்த்தரம், அதே காத்திருக்கச் சொன்ன ஆலோசனை. அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு வேறு எந்த விவரமும் தேவைப்படவில்லை. ஃபைலைப் பிரித்து என் பக்கம் நீட்டி, உள்ளே இருப்பது கிளம்புமா கிளம்பாதா என்று நானாவது பார்த்துச் சொல்ல வேண்டும் என்று தொடங்கினார்.

ஏழுமலை கையை நீட்டி அந்த ஃபைலை மூடினார்.

"இவருகிட்ட இங்க ஒன்னியும் சொல்லாதீங்க," என்று என்னிடம் சொன்னார். "டாக்டரு ரூமுக்குக் கூட்டிகினு போங்க. அவரு எதிர்ல சொல்லுங்க. நானும் வர்றேன்."

நான் எழுந்து அவர்களோடு நடந்தேன். சிறுநீரகவியல் மருத்துவர் கதவைத் திறந்து எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இன்னொரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். அந்தச் செல்கள் நகருமா என்று கண்டக்டர் கேட்டபோது, எனக்குத் தெரியாது என்றேன். அவருக்கும் தெரியாது என்றார் மருத்துவர். எதைப் பார்த்தால் தெரியவரும், எப்போது பார்ப்போம் என்று இருவரும் சேர்ந்து விளக்கினோம். நாற்பது நிமிடம் ஆனது. கண்டக்டர் நான்கு முறை ஒரே கேள்வியைக் கேட்டார். நான்கு முறையும் ஏழுமலை நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து, நாங்கள் சொல்வது ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தார்.